கம்பிப் பொம்மைகள் சூடிய தலைப்பாகை



தையல் முடிந்ததும் ஒரு சாண் துணி மிஞ்சினால் நாம் என்ன செய்வோம்? எறிய மனம் வராது. மடித்துப் பெட்டியில் வைப்போம். பிறகு ஒரு நாள் வீட்டுச் சின்னவள் வந்து தன் பொம்மைக்குச் சட்டை கேட்பாள். "இதென்ன வேலை" என்று அலுத்துக்கொண்டே ஊசியைக் கையில் எடுப்போம். ஆனால் எடுத்த பின், அந்தச் சாண் துணியின் ஓரத்தையும் ஒழுங்காக மடித்துத்தான் தைப்போம். பொம்மைதானே என்று விட நம் கைக்குத் தெரியாது.

அப்படி மிஞ்சிய துணித் துண்டுகளைக் கொண்டு, பசியும் குளிரும் வாட்டிய ஒரு நகரம் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்ட கதை ஒன்று உண்டு. பாரிஸ் நகரத்துக் கைகள் தைத்த அந்தப் பொம்மைகள் இன்று பாரிஸில் இல்லை. அவற்றைப் பார்க்க அமெரிக்காவின் மேற்குக் கோடிக்குப் போக வேண்டும். வாருங்கள், இந்த மாதம் அங்கே போய் வருவோம்.

ஆற்றங்கரை மேட்டில் ஒரு மாளிகை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் தென் எல்லையில் கொலம்பியா என்ற பெரிய ஆறு ஓடுகிறது. ஆற்றின் மறு கரை ஒரிகன் மாநிலம். போர்ட்லண்ட் நகரத்திலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் போக வேண்டும். முதலில் பச்சைக் காடு. போகப் போக மரங்கள் குறைந்து, காய்ந்த புல் மூடிய மொட்டை மேடுகளே கண்ணுக்குத் தெரியும். காற்று ஓயாமல் வீசும். அந்த வெறும் மேட்டின் உச்சியில் தனியாக நிற்கிறது ஒரு கொங்கிரீட் மாளிகை. அதுதான் மேரிஹில் நூதனசாலை.

சாம் ஹில் என்ற செல்வந்தர் 1914ஆம் ஆண்டில் தான் குடியிருக்கவென்று இதைக் கட்டத் தொடங்கினார். வீதிகள் அமைப்பதில் பெரும் ஆர்வம் கொண்டவர் அவர். ஆனால் இந்த மாளிகையில் அவர் குடியிருக்கவேயில்லை. பாதியில் நின்ற கட்டடத்தை நூதனசாலையாக மாற்றுங்கள் என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் லோயி புல்லர் என்ற நடனக் கலைஞர். 1926ஆம் ஆண்டில், வேலை முடியாத அந்தக் கட்டடத்துக்கு நேரில் வந்து அர்ப்பணிப்பு விழாவை நடத்தியவர் ருமேனிய நாட்டு ராணி மரி. 1931இல் ஹில் இறந்த பிறகு வேலையை முடித்து 1940இல் பொதுமக்களுக்குத் திறக்கச் செய்தவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அல்மா ஸ்பிரெக்கல்ஸ். பார்த்தீர்களா, ஓர் ஆண் தொடங்கி விட்ட வீட்டை மூன்று பெண்கள் நூதனசாலையாக்கிவிட்டார்கள்.

தோட்டத்தில் மயில்கள் உலாவும். உள்ளே போனால் ராணி மரியின் தளபாடங்கள், பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் சிலைகள், பல நாட்டுச் சதுரங்கக் காய்கள் என்று பார்க்க நிறைய உண்டு. நாம் அவற்றை ஒரு கண்ணால் பார்த்தபடி நடந்து, வெளிச்சம் மங்கிய ஓர் அறைக்குள் நுழைவோம். நாம் தேடி வந்தவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள்.

முகத்தில் வர்ணமில்லாத பொம்மைகள்

கண்ணாடிக்குப் பின்னால் சிறு நாடக மேடைகள். மேடைகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சென்ரிமீட்டர் உயரமான பெண் உருவங்கள். மனிதரின் உயரத்தில் பாதிகூட இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் உடம்பு வெறும் கம்பி. கையும் காலும் கம்பிக் கோடுகள்தான். ஊடாக மறுபக்கம் தெரியும். தலை மட்டும் வெள்ளைச் சாந்தில் வார்த்தது. கண்ணுக்கு மையில்லை, உதட்டுக்குச் சிவப்பில்லை. இவை விளையாட்டுப் பொம்மைகளாகத் தெரியக் கூடாது, சிலைகளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, தலைகளைச் செய்த ஜோன் ரெபுல் என்ற சிற்பி முகத்தில் வர்ணம் பூச இடம்கொடுக்கவில்லை.

ஆனால் அந்த வெறும் கம்பியின் மேலே உடுத்தியிருக்கும் உடையைப் பாருங்கள். பொத்தான்கள் உண்மையாகவே திறந்து மூடும். சட்டைப் பைக்கு உள்துணி உண்டு. பாதணிகள் தோலில் அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. வெளியே தெரியாத உள்ளாடைக்கும் அதே நுணுக்கம். தலையைப் பார்த்தாலோ, சிலருக்குப் பூவும் வலையும் வைத்த தொப்பி. சிலருக்கு மடிப்பு மடிப்பாகச் சுற்றி முன்னே முடிச்சிட்ட தலைப்பாகை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தத் தலைப்பாகையின் ஒவ்வொரு மடிப்பும், பெரிய மனுஷியின் தலையில் எப்படி விழுமோ அப்படியே விழுந்திருக்கிறது.

இவற்றுக்கு 'தியேத்ர் த லா மோட்' என்று பெயர். உடை நாகரிகத்தின் நாடக அரங்கு என்று பொருள். இவ்வளவு பாடுபட்டு இவற்றைச் செய்தது ஏன்? அதை அறிய 1944ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

பட்டினிக் காலத்துப் பாரிஸ்

1940 ஜூன் மாதத்தில் ஜேர்மன் படை பாரிஸுக்குள் புகுந்தது. 1944 ஓகஸ்ட் 25ஆம் திகதி நகரம் மீட்கப்பட்டது. இடையில் கழிந்த நான்கு வருடங்களில் உணவுக்குக் கூப்பன், துணிக்குக் கூப்பன், பாதணிக்குக் கூப்பன். கூப்பன் என்ற சொல் நம் வீடுகளுக்கும் புதிதல்லவே! தோலெல்லாம் படைக்குப் போய்விட்டதால் பெண்கள் மரக்கட்டை அடி வைத்த பாதணியோடு நடந்தார்கள். சவர்க்காரம் அருமை. நிலக்கரியில்லை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு சிகையலங்கார நிலையத்தில் தலைமயிர் உலர்த்தும் காற்றுக்காக, கட்டடத்தின் கீழறையில் இளைஞர்களை வைத்துச் சைக்கிள் மிதிக்க விட்டார்கள் என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

யுத்தத்துக்கு முன்னர் உலகமெங்கும் உடை நாகரிகத்துக்குப் பெயர்பெற்ற நகரம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த ஊசி வேலையால்தான் வயிறு வளர்த்தார்கள். நகரம் மீண்டபோது துணியும் இல்லை, வாங்க வரும் வெளிநாட்டாரும் இல்லை. இனி நியூயோர்க்காரர் தாமே வடிவமைத்துக்கொள்வார்கள், பாரிஸின் காலம் முடிந்தது என்ற பேச்சு எழுந்தது.

அப்போது, உடை நிறுவனம் நடத்திய நினா ரிச்சியின் மகன் ரொபேர் ரிச்சி ஒரு யோசனை சொன்னார். முழு அளவில் ஆடை தைக்கத் துணியில்லை. பொம்மை அளவில் தைக்கலாமே! அதைக் காட்சிக்கு வைத்து, சேரும் பணத்தை யுத்தத்தில் வீடு வாசல் இழந்தவர்களுக்குக் கொடுக்கலாமே! எலியான் பொனபெல் என்ற இளம் பெண் பொம்மையின் உருவத்தை வரைந்தார். ஜோன் சான்மார்த்தன் என்பவர் அதைக் கம்பியில் வளைத்தார். உலோகமும் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் கம்பிதான் கைக்கு எட்டியது. பாலென்சியாகா, லான்வன், ஸ்கியாபரெல்லி முதலிய ஐம்பதுக்கும் மேற்பட்ட உடை நிறுவனங்கள் தைத்தன. தொப்பிக்காரர், பாதணிக்காரர், சிகை அலங்காரம் செய்வோர், நகைக்காரர் என்று எல்லாரும் சேர்ந்தார்கள்.

கணப்பு இல்லாத அறைகளில், விறைத்த விரல்களோடு, அந்தத் தையற்காரிகள் பொம்மைச் சட்டைக்குப் பொத்தான் துளை போட்டார்கள். 200க்கு மேற்பட்ட பொம்மைகள் உருவாயின. 1945 மார்ச் மாத இறுதியில் காட்சி தொடங்கியது. அப்போது ஐரோப்பாவில் யுத்தம் இன்னும் முடியவில்லை! பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேர் பழைய மேலங்கியும் மரக்கட்டைப் பாதணியும் அணிந்துதான் வந்திருப்பார்கள்.

தலைப்பாகை வந்த வழி

இனி அந்தத் தலைப்பாகையைப் பற்றிச் சொல்கிறேன். அது நமக்கு அந்நியமானதல்ல. ஐரோப்பியர் வழங்கும் 'டர்பன்' என்ற சொல்லே பாரசீகத்தின் 'துல்பந்த்' என்ற சொல்லிலிருந்து, துருக்கியரின் 'துல்பென்ட்' வழியாகப் போனது. டியூலிப் பூவுக்கும் அதே சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது. தலைப்பாகை போன்ற பூவல்லவா!

1910ஐ அண்டிய வருடங்களில் போல் புவாரே என்ற பாரிஸ் உடை வடிவமைப்பாளர் இதை நாகரிகமாக்கினார். லண்டனில் ஒரு நூதனசாலையில் இந்திய மன்னர்களின் தலைப்பாகைகளைக் கண்டு மயங்கி, தம்மிடம் வேலை செய்த பெண்ணை வரவழைத்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்துப் படிக்க வைத்தார். 1911 ஜூன் மாதத்தில் தம் வீட்டுத் தோட்டத்தில் 'ஆயிரத்திரண்டாம் இரவு' என்று பெயரிட்டு ஒரு விருந்து வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் கீழைத்தேய உடையில் வர வேண்டும். நம் பாட்டன்மார் மரியாதைக்குக் கட்டியதை அவர்கள் விருந்துக்கு வேஷமாகக் கட்டினார்கள். அதைப் படிக்கும்போது மனதில் சிறு முள் குத்தத்தான் செய்கிறது.

ஆனால் யுத்தம் வந்ததும் கதை மாறிவிட்டது. தலைப்பாகை வேஷம் போடுவதற்கான பொருளாக இருந்தது போய், அன்றாடத் தேவையாகிவிட்டது. சவர்க்காரமில்லாமல் கழுவ முடியாத தலையை மறைக்க அது உதவியது. சைக்கிளில் போகும்போது காற்றுக்கு அசையாமல் நின்றது. புதுத் தொப்பி வாங்க வழியில்லாதவளுக்கு ஒரு பழைய கழுத்துத் துணியே போதும். பொலெத் என்ற தொப்பிக்காரி யுத்தக் காலத்தில் அவசரத்துக்குத் தன் தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். கண்டவர்கள் எல்லாம் அதே போல் வேண்டும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பெயர்பெற்ற எழுத்தாளர் சிமோன் த போவார் அந்தக் காலத்தில் தலையைச் சுற்றிக்கட்டப் பழகி, பிறகு வாழ்நாள் முழுதும் அதை விடவில்லை. ஆங்கில நாட்டிலே ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள், மயிர் இயந்திரத்தில் சிக்காமலிருக்க இதே கட்டைக் கட்டினார்கள்.

இதற்கு இருண்ட பக்கமும் ஒன்று உண்டு. நகரம் மீண்ட நாட்களில், ஜேர்மன் படையினரோடு தொடர்பு வைத்திருந்தார்கள் என்று குற்றஞ்சாட்டி, பிரான்ஸ் முழுவதும் ஏறத்தாழ 20,000 பெண்களின் தலையை மழித்தார்கள். சந்தியில் நிறுத்தி, ஊர் பார்க்க மழித்தார்கள். சிலர் மீதான குற்றச்சாட்டு உண்மை. சிலர் மீது சொன்னது அண்டை வீட்டாரின் பழி. விசாரித்தவர் யார்? மழித்த தலையை மறைக்க அந்தப் பெண்களுக்குக் கிடைத்ததும் ஒரு துண்டுத் துணிதான். ஒரே வீதியில், ஒருத்தி நாகரிகத்துக்காகச் சுற்றிய துணியை, இன்னொருத்தி அவமானத்துக்காகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையின் தலைப்பாகையைப் பார்க்கும்போது இதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

கடல் கடந்து வந்தார்கள்

பொம்மைகள் லண்டனுக்கும் வேறு ஐரோப்பிய நகரங்களுக்கும் போயின. 1946இல் அவற்றுக்குப் புதிய பருவத்து உடைகள் அணிவித்துக் கப்பலேற்றி நியூயோர்க்குக்கும், பின்னர் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அனுப்பினார்கள். மேரிஹில்லில் நாம் காண்பது அந்த 1946ஆம் ஆண்டு உடைகளைத்தான்.

காட்சி முடிந்தது. நகைகள் பத்திரமாகப் பாரிஸுக்குத் திரும்பின. பொம்மைகளைத் திருப்பியழைக்க யாரும் அவசரப்படவில்லை. அவற்றின் வேலை முடிந்துவிட்டதல்லவா! சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் அவை கிடந்தன. அல்மா ஸ்பிரெக்கல்ஸின் முயற்சியால் 1952இல் மேரிஹில் வந்து சேர்ந்தன. பாரிஸில் பலர் அவை அழிந்தே போயின என்றுதான் எண்ணியிருந்தார்கள். 1980களில் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைத் தேடிக் கண்டு எழுதிய பிறகு, பாரிஸுக்கு எடுத்துச் சென்று பழுது பார்த்தார்கள். தொலைந்துபோன மேடைகளையும் மீண்டும் அமைத்து 1990இல் பாரிஸிலேயே காட்சிக்கு வைத்தார்கள். பின்னர் அவை இந்த ஆற்றங்கரை மேட்டுக்கே திரும்பி வந்தன. எல்லா மேடைகளையும் ஒரே நேரத்தில் வைப்பதில்லை. சிலவற்றை மாறி மாறி வைக்கிறார்கள். பழைய துணிக்கு வெளிச்சம் பகை என்பது பட்டுப் புடவையை அலுமாரியில் வைத்துக் காக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலத்தில் நூதனசாலை மூடியிருக்கும். மார்ச் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும்.

வீட்டு மேசைக்கு வந்த கலை

பொம்மைக்கு உடுத்தி நாகரிகத்தைக் காட்டுவது பாரிஸுக்குப் பழைய பழக்கம். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தின் உடைகளைத் தைத்த ரோஸ் பெர்த்தன், புதுப் பாணி உடுத்திய பொம்மைகளை வெளிநாட்டு அரண்மனைகளுக்கு அனுப்பினார். படம் அச்சிட்ட சஞ்சிகைகள் பெருகாத காலத்தில் பொம்மைதான் தூது போனது.

இன்று அந்த வேலையைச் சாதாரண வீட்டுப் பெண்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1959இல் அமெரிக்காவில் அறிமுகமான பார்பி பொம்மையை அறியாத பிள்ளை உண்டா? அதன் உயரம் பதினொன்றரை அங்குலம். 1995இல் வெளிவந்த 'ஜீன்' என்ற பொம்மை பதினைந்தரை அங்குலம். 1940களின் சினிமா நடிகை ஒருத்தியின் சாயலில், பெரியவர்கள் சேகரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. இப்படிப்பட்ட பொம்மைகளைச் சேகரிப்போர் பழைய படங்களைப் பார்த்து, அந்தக் காலத்து உடையையும் தலைப்பாகையையும் அச்சொட்டாகத் தைத்து அணிவிக்கிறார்கள்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், முதலில் ஓர் உண்மையை மனதில் வையுங்கள். பார்பி மனித அளவில் ஆறில் ஒரு பங்கு. ஒன்றரை மீற்றர் நீளத்தை ஆறால் வகுத்தால் 25 சென்ரிமீட்டர் வரும். ஆனால் துணியின் தடிப்பை வகுக்க முடியாது! மனிதத் தலையில் அழகாக விழும் பட்டு, பொம்மையின் தலையில் தலையணை போல் நிற்கும். அதனால்தான் இந்த வேலையில் துணி தேர்வதே பாதி வெற்றி. தேய்ந்து மெலிந்த பழைய டீ-ஷேர்ட், கிழிந்த நைலோன் காலுறை, மெல்லிய பருத்தி ஷோல் இவை மிக நன்று. பூ போட்டதானால் பூ கடுகளவு இருக்க வேண்டும்.

25 சென்ரிமீட்டர் நீளமும் 8 சென்ரிமீட்டர் அகலமும் கொண்ட துண்டை வெட்டி, நீள ஓரங்கள் இரண்டையும் உள்ளே மடியுங்கள். துண்டின் நடுவைப் பொம்மையின் பிடரியில் வையுங்கள். இரு முனைகளையும் காதுக்கு மேலாக நெற்றிக்குக் கொண்டு வந்து ஒன்றோடொன்று ஒரு முறை முறுக்குங்கள். பிறகு உச்சி மூடும்படி துணியை விரித்து, முனைகளைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பிடரியில் செருகி, உட்புறமாக இரண்டு தையல் போடுங்கள். பசை வேண்டாம், மடிப்பு விறைத்துவிடும். முறுக்கின் நடுவில் ஒரு சிறு மணியைத் தைத்தால் 1940கள் கண்முன் வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். கடும் நிறத் துணியின் சாயம் பொம்மையின் தலையில் இறங்கினால் போகாது. வெந்நீரில் கழுவி, ஈரமாக வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுப் பாவியுங்கள். உலோக ஊசிகளைக் குத்தி விட்டுவிடாதீர்கள். பழைய பார்பிகளின் காதில் உலோகத் தோட்டினால் பச்சை படர்வது சேகரிப்போர் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

2012ஆம் ஆண்டில் பார்பியைச் செய்யும் மட்டெல் நிறுவனம், 'எல்லா' என்ற பெயரில் தலைமயிரே இல்லாத ஒரு பொம்மையைச் செய்து, சிறுவர் வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அதற்கு மாற்று முடியும் தலையில் கட்டும் துணியும் கூடவே உண்டு. மருந்தால் தலைமயிர் கொட்டிய பிள்ளை தன்னைப் போலவே இருக்கும் ஒரு பொம்மையை மடியில் வைத்துக்கொள்ளும்போது அதற்கு எவ்வளவு ஆறுதல்!

மஹரகமவுக்கு நோயாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்வந்த சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோயை விட, தலையணையில் கொத்தாகக் கிடக்கும் மயிரைக் கண்டு அழும் பெண்கள் எத்தனை பேர்! வெளியே போகும்போது முக்காடு மறைத்துவிடும். வீட்டுக்குள், தன் பிள்ளைகளின் முன்னால், கண்ணாடியின் முன்னால்?

பொம்மைக்குச் சொன்ன அதே கட்டை, அதே கணக்கை ஆறால் பெருக்கி, கழுவிக் கழுவி மென்மையான பருத்தித் துணியில் தையுங்கள். அவர்களின் தலைத்தோல் எளிதில் நோகும். ஆகவே தையல் விளிம்பு தோலில் படாமல் வெளிப்பக்கமாக இருக்கட்டும். முடிச்சுப் பிடரியில் வந்தால் படுக்கும்போது குத்தும். பக்கத்தில் வரச் செய்யுங்கள். உங்கள் உறவிலோ அயலிலோ அப்படி ஒரு சகோதரி இருந்தால், இறைச்சிச் சூப்போடு அதையும் ஒரு பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள்.

குளிரில் விறைத்த விரல்களோடு கம்பிப் பொம்மைக்குத் தலைப்பாகை சுற்றிய அந்தப் பாரிஸ் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. நிறுவனங்களின் பெயர்தான் நின்றது. ஆனால் அவர்கள் போட்ட தையல் ஆற்றங்கரை மேட்டில் இன்னும் பிரியாமல் இருக்கிறது. உங்கள் பெட்டியில் மடித்து வைத்த அந்தச் சாண் துணியை இன்றைக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.